தானே கூடும் பெட்டி

கொரோனா வந்த பிறகு வைரஸ் படத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. தொலைக்காட்சியில், செய்தித்தாளில், ஆஸ்பத்திரிச் சுவரில், எங்கே திரும்பினாலும் முள் முளைத்த அந்த உருண்டைதான். என் வயதுக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று, "கண்ணுக்கே தெரியாத ஒன்று இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே, அதை யார் சார் செய்கிறார்கள்?" இன்னொன்று, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "லேபிலேயே வைரஸைச் செய்துவிடலாமாமே, உண்மையா?"

இரண்டுக்கும் பதில் தேடிப் போனால் மனிதரைத் தாக்கும் வைரஸில் அல்ல, செடிகளைத் தாக்கும் வைரஸில்தான் போய் நிற்கிறோம். புகையிலை, காராமணி, அகத்தி என்று நமக்குத் தெரிந்த செடிகள்தான். கதை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்தால் கடைசியில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உபயோகமான ஒரு விஷயமும் இருக்கிறது.

முதலில் ஒரு சொல். வைரஸின் வெளி ஓட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'காப்சித்'. ஆங்கிலத்தில் காப்சிட் என்பார்கள். பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே ல்வோஃப், பிரான்சுவா ழக்கோப் முதலியோர் 1959-ல் பிரெஞ்சில் எழுதிய ஒரு கட்டுரையில் கொடுத்த பெயர் அது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. பிரெஞ்சுப் பள்ளியில் லத்தீனும் கொஞ்சம் உருப்போட்ட எங்களுக்கு அந்தச் சொல்லிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். வைரஸ் என்பது ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு இழை. அவ்வளவுதான். அந்த இழையில்தான் மரபுச் செய்தி எழுதியிருக்கிறது. செடிகளின் வைரஸ்களில் பெரும்பாலும் அது ஆர்.என்.ஏ. என்ற இழை. பெட்டி புரதத்தால் ஆனது.

நம் வீடுகளில் மொசைக் தரை போட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். புகையிலைச் செடியில் ஒரு நோய் வந்தால் இலை அந்தத் தரையைப் போலவே ஆகிவிடும். வெளிர் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கும். ஹாலந்தில் அடால்ஃப் மாயர் என்பவர் 1886-ல் அதற்கு மொசைக் நோய் என்றே பெயர் வைத்தார். நோய் கண்ட இலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் அதற்கும் நோய் வருகிறது என்றும் காட்டினார். பாஸ்தரின் சகா ஷாம்பெர்லான் செய்த பீங்கான் வடிகட்டி அப்போது பிரபலம். பாக்டீரியாக்கள் அதைத் தாண்டிப் போகாது. ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி 1892-ல் இந்தச் சாற்றை அதில் வடிகட்டிப் பார்த்தார். வடிந்த தெளிந்த நீரும் நோயைக் கொடுத்தது. ஆகவே இது பாக்டீரியாவைவிடச் சிறியது. 1898-ல் பெயரிங்க் இது புதுவகைத் தொற்றுப்பொருள் என்று அறிவித்தார். உலகத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸ் இந்தப் புகையிலை மொசைக் வைரஸ்தான்.

1935-ல் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி, ஏறத்தாழ ஒரு டன் நோயுற்ற புகையிலைச் செடிகளை அரைத்துப் பிழிந்து, சுத்தம் செய்து, அந்த வைரஸைச் சில கரண்டி வெள்ளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்கலாம். உப்பு, சர்க்கரை போல அசையாமல் கிடக்கும். எடுத்துக் கரைத்து இலையில் தேய்த்தால் நோய் வரும். உயிருள்ளதா, உயிரற்றதா என்று உலகமே வாதாடியது. அவருக்கு 1946-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் பொருள் வெறும் புரதம் என்றுதான் அவர் முதலில் எண்ணியிருந்தார். இங்கிலாந்தில் பாடன், பிரி என்ற இருவர் சோதித்து, அதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று கண்டார்கள். அந்த ஐந்து பங்கின் மகிமை பிறகுதான் தெரிந்தது.

இந்த வைரஸின் உருவம் உருண்டை அல்ல, குச்சி. நீளம் 300 நானோமீட்டர், பருமன் 18 நானோமீட்டர். அதாவது நம் தலைமயிர் ஒன்றின் குறுக்கே சில ஆயிரம் குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். நடுவில் துவாரம் உண்டு. நம் ஊர்க் கலங்கரை விளக்கத்தின் உள்ளே சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு புரதத் துண்டு. எல்லாத் துண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. ஒரு சுற்றுக்கு 16-க்குச் சற்று அதிகமான துண்டுகள், 130 சுற்று, மொத்தம் 2130 துண்டுகள். ஆர்.என்.ஏ. இழை அந்தப் படிகளுக்கு இடையில் புதைந்தபடி சுற்றிச் சுற்றிப் போகிறது.

இழை நடுத் துவாரத்தில் இல்லை, புரதத்துக்குள்ளேயே புதைந்திருக்கிறது என்பதை எக்ஸ்-ரே கொண்டு தெளிவாக்கியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. விவகாரத்தில் அடிபடும் அதே அம்மையார்தான். பாரிசில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர், பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இந்த வைரஸை ஆராய்ந்தார். 1958-ல் பிரசல்ஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதன் பெரிய மாதிரி ஒன்றைத் தயார் செய்யும் பொறுப்பு அவருக்கு. ஏப்ரல் 17-ம் தேதி கண்காட்சி திறந்தது. 16-ம் தேதி அவர் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 37. அவரோடு வேலை செய்த ஏரன் க்ளூக் அந்தப் பாதையிலேயே போய் 1982-ல் நோபல் பரிசு வாங்கினார்.

ஏன் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. கணக்கு என்றவுடன் பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். ஒரு துண்டில் 158 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றுக்கும் இழையில் 3 எழுத்து தேவை. ஆக ஒரு துண்டுக்கு 474 எழுத்து. 2130 துண்டையும் வெவ்வேறாக எழுதினால் பத்து லட்சத்துக்கு மேல் எழுத்து வேண்டும். ஆனால் இந்த வைரஸின் முழு இழையுமே ஏறத்தாழ 6400 எழுத்துதான். அவ்வளவு சின்னத் தாளில் ஒரே துண்டின் வரைபடத்தை எழுதி, அதையே திரும்பத் திரும்ப வார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத் தாளில் எழுதியவன் என்ற முறையில் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, துண்டுகள் தயார். அடுக்குவது யார்?

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் ஹைன்ஸ் ஃபிரேங்கல்-கான்ராட், ராப்ளி வில்லியம்ஸ் என்ற இருவரும் 1955-ல் செய்த சோதனை இதற்குப் பதில் சொன்னது. காரம் கலந்த நீரைக் கொண்டு வைரஸைப் பிரித்துப் புரதத்தை மட்டும் எடுத்தார்கள். சலவைத்தூள் வகையைச் சேர்ந்த ஒரு பொருளைக் கொண்டு இன்னொரு பங்கிலிருந்து ஆர்.என்.ஏ.யை மட்டும் எடுத்தார்கள். பிறகு இரண்டையும் ஒரு குழாயில் சேர்த்து வைத்தார்கள். தெளிந்த நீர் மெல்ல மங்கி, ஒளி பட்டால் பால்நிறம் காட்டியது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழைய குச்சிகள்! புகையிலை இலையில் தேய்த்தால் நோய்ப் புள்ளிகள்! முதல் சோதனைகளில் வீரியம் மிகக் குறைவுதான், ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. உயிரணு இல்லை, இயந்திரம் இல்லை, அடுக்கிக் கொடுக்க ஆள் இல்லை. துண்டுகள் தாமே கூடிக்கொண்டன.

உயிரையே சோதனைக்குழாயில் படைத்துவிட்டார்கள் என்கிற அளவுக்குப் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. அது மிகை. புரதமும் செடியிலிருந்து வந்தது, இழையும் செடியிலிருந்து வந்தது. அவர்கள் பிரித்ததை மறுபடி கூடவிட்டார்கள். செய்வது வேறு, ஆகவிடுவது வேறு.

ஆகவிடுவதும் லேசான காரியம் இல்லை. பதம் தெரிய வேண்டும். இந்தப் புரதத்தை அமிலம் சற்று அதிகமான நீரில் வைத்தால் இழையே இல்லாமல் குச்சி கட்டும். ஆனால் அந்தக் குச்சிகளுக்கு நீளத்தில் கட்டுப்பாடு கிடையாது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. இழையோடு சேர்த்தால்தான் சரியாக 300 நானோமீட்டரில் நிற்கும். இழை முடியும் இடத்தில் பெட்டியும் முடிகிறது.

வெப்பமும் முக்கியம். பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, வெயிலில் உருகுகிறது. இந்தப் புரதம் நேர் எதிர். குளிர்ந்தால் துண்டு துண்டாகப் பிரிந்து கரைகிறது, இளஞ்சூட்டில் கூடுகிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் மேக்ஸ் லாஃபர் என்பவர் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். தனித்தனியாக இருக்கும்போது ஒவ்வொரு துண்டையும் நீர் மூலக்கூறுகள் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு துண்டுகள் சேர்ந்தால் இடையிலிருந்த நீர் விடுபட்டு ஓடிவிடுகிறது. சூடு ஏற ஏற, அப்படி விடுபட்டுத் திரிவதற்கே நீருக்குச் சாதகம் அதிகம். நீருக்கு விடுதலை, புரதத்துக்குக் கட்டு. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான்.

பிறகு 1971-ல் கேம்பிரிட்ஜில் பட்லரும் க்ளூக்கும் இன்னொரு நுணுக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டினால் வேலை மணிக்கணக்கில் இழுக்கிறது. 17 துண்டு கொண்ட இரண்டு வளையம் சேர்ந்த தட்டுகளாக, அதாவது 34 துண்டுள்ள தட்டுகளாக முதலில் கூடியிருந்தால், இழையைக் கொடுத்ததும் சில நிமிடங்களில் குச்சி உருவாகிவிடுகிறது. இழையின் நடுவில் ஓரிடத்தில், ஒரு முனையிலிருந்து ஆயிரம் எழுத்துக்கு அருகில், கொண்டை ஊசிபோல ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பு தட்டின் நடுத் துவாரத்துக்குள் நுழைகிறது. நுழைந்ததும் தட்டு இறுகிச் சுருளாகிறது. அடுத்தடுத்த தட்டுகள் மேலே வந்து உட்கார உட்கார, மீதி இழை கீழிருந்து துவாரத்தின் வழியாக மேலே இழுபடுகிறது. ஊசியில் நூல் கோப்பது போலத்தான். 1977-ல் இதை நிரூபித்தவர்களில் பிரான்சின் ஸ்த்ராஸ்பூர் நகரத்து ஆராய்ச்சியாளர்களும் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் குச்சியின் ஒரே பக்கத்திலிருந்து இழையின் இரண்டு வாலும் தொங்குவதை அவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

உருண்டை வைரஸ்களும் இப்படித்தானா? ஆம். காராமணிச் செடியில் இலையை மஞ்சள் புள்ளியாக்கும் ஒரு வைரஸ் உண்டு. 180 துண்டுகள் சேர்ந்த உருண்டை. பர்டூ பல்கலைக்கழகத்தில் பேன்கிராஃப்டும் அவர் சகாக்களும் 1967 வாக்கில் அதைப் பிரித்து, உப்பையும் அமிலத்தையும் மாற்றி மறுபடி கூடவைத்தார்கள். இழை இல்லாமலே காலி உருண்டை கட்டவும் வைத்தார்கள்.

அகத்தி நம் வீட்டுச் சமாசாரம். ஏகாதசி விரதம் இருந்து துவாதசியன்று அகத்திக்கீரை சமைக்கும் வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. அந்த அகத்திக்கும் ஒரு மொசைக் வைரஸ் உண்டு. திருப்பதிப் பக்கத்து வயல்களில் கண்டெடுத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூர்த்தி, சாவித்ரி ஆகிய பேராசிரியர்களின் குழுக்கள் அதன் வடிவத்தை அணு அணுவாக ஆராய்ந்து 1990-களில் வெளியிட்டன. அதுவும் 180 துண்டுள்ள உருண்டை. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் கால்சியம் அமர்ந்து உறுதி கொடுக்கிறது. பிறகு அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு துண்டின் முனையிலும் வால் போன்ற ஒரு பகுதி உண்டு. அதில் முதல் 65 அமினோ அமிலங்களை நறுக்கிவிட்டால், துண்டுகள் 180-ஆகக் கூடுவதில்லை. 60 மட்டுமே சேர்ந்து சின்ன உருண்டையாகின்றன. எத்தனை பேர் சேர வேண்டும் என்ற கணக்கும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். லேபில் செய்யலாமா, செய்தால் ஆபத்தா?

இதற்குப் பதில் 1957-ல் ஃபிரேங்கல்-கான்ராடும் பீ சிங்கர் என்ற அம்மையாரும் செய்த சோதனையில் இருக்கிறது. புகையிலை மொசைக் வைரஸில் பல ரகங்கள் உண்டு. ஒரு ரகத்தின் புரதத்தையும் இன்னொரு ரகத்தின் இழையையும் கலந்து கூடவைத்தார்கள். அந்தக் கலப்பு வைரஸைச் செடியில் தேய்த்தார்கள். நோய் வந்தது. செடியில் பெருகிய புது வைரஸின் பெட்டி எந்த ரகம்? முதல் ரகமல்ல. இழை எந்த ரகமோ அந்த ரகம். போட்டிருந்த சட்டை ஒரு தலைமுறையோடு கழன்றுவிட்டது.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், கோப்பின் அட்டையை மாற்றினோம், உள்ளே இருந்த உத்தரவு மாறவில்லை. நடப்பது உத்தரவுப்படிதான். 1956-ல் ஜெர்மனியில் கீரரும் ஷ்ரம்மும் அட்டையே இல்லாமல் வெறும் இழையை இலையில் தேய்த்து நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். அப்படியானால் பெட்டி எதற்கு? பாதுகாப்புக்கு. வெறும் இழையை நம் விரலில் இருக்கும் ஒரு நொதி தொட்டாலே சிதைத்துவிடும். பெட்டிக்குள் இருந்தால், காய்ந்த புகையிலையிலும் அது பல ஆண்டுகள் வீரியத்தோடு கிடக்கும்.

ஆகவே பயப்பட வேண்டியவர்கள் இழையைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் எகார்ட் விம்மரின் குழு, எழுதி வைத்திருந்த வரிசையைப் பார்த்து போலியோ வைரஸின் மரபுச் செய்தியை ரசாயன முறையில் தயாரித்து, அதிலிருந்து நோய் தரும் வைரஸையே உண்டாக்கிவிட்டது. எனவே "லேபில் செய்யலாமா?" என்றால், செய்யலாம் என்பதுதான் நேர்மையான பதில். கண்காணிப்பும் சட்டமும் இழையை எழுதும் இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆனால் காலிப் பெட்டி? அதில் உத்தரவு இல்லை. அதனால் பெருக முடியாது, நோய் தர முடியாது. ஆனால் நம் உடம்பின் காவல்காரர்கள் பெட்டியின் முகத்தைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். இதை உபயோகித்துத்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைச் செய்கிறார்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸின் ஓட்டுப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்றவற்றில் தயாரிக்கிறார்கள். அந்தத் துண்டுகள் தாமே கூடி, 360 துண்டுள்ள காலி உருண்டைகளாகின்றன. ஆஸ்திரேலியாவில் ஜியான் ஜோ, இயன் ஃபிரேசர் என்ற இருவர் 1991-ல் இதற்கு வழி காட்டினார்கள். இன்றும் தொழிற்சாலையில் இப்படிக் கிடைத்த உருண்டைகளை ஒருமுறை பிரித்து மறுபடி கூடவிடுவது உண்டு. அப்போதுதான் அவை இன்னும் ஒழுங்காக, கெடாமல் இருக்கின்றன. பெர்க்லியில் புகையிலைச் சாற்றை வைத்துக்கொண்டு செய்த அதே வேலை. நம் நாட்டிலேயே தயாரான ஊசியும் 2022-ல் அனுமதி பெற்றது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா போன மாதம் என்னிடம், "பேத்திக்கு அந்த ஊசி போடச் சொல்றாங்க. வைரஸையே உடம்புல ஏத்துறாங்களாமே அண்ணே, பச்சப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார். பேத்திக்கு 12 வயது. நான் டாக்டர் இல்லை. போடுவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஆனால் அவர் பயந்த காரணத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "அது வைரஸ் இல்லைம்மா, வைரஸோட காலி டப்பா. உள்ளே ஒண்ணும் கிடையாது" என்றேன். "காலி டப்பாவா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் மருமகளிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கச் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது.

உங்கள் வீட்டிலும் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் பேத்திகள் இருந்தால், இந்த விஷயத்தை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்த வயதில் போடுவதுதான் சிறந்தது என்கிறார்கள்.